முதல் பத்து நிமிடம்

ஜூன் 1, ஞாயிறு

காலை 6.10 – 80 மி.லி. கடுங்காப்பி நிறம்.
9.40 – 60 மி.லி. அதே நிறம்.
மதியம் 1.15 – 70 மி.லி. அதே நிறம்.
சலைன் ஐந்தாவது பாட்டில் ஓடுகிறது.

"டீச்சர், தம்பி எவ்வளவு யூரின் போறாங்க, என்ன கலருன்னு நேரம் போட்டு எழுதி வையிங்க" என்று நர்ஸ் ஜெசி சொன்னாள். கீழே மருந்துக் கடையில் இந்த நோட்டை வாங்கினேன். எழுத வேண்டியது மூன்று வரிதான். மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. இருபத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு வெறும் பக்கத்தைப் பார்த்தால் கை அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

படுத்திருப்பது என் தம்பி திருநாவுக்கரசு. வீட்டில் அரசு. வயது நாற்பத்து நான்கு. ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறான். நான் திலகவதி, அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. அம்மா போன பிறகு ஆறு வருடமாக நாங்கள் இருவர்தான்.

வெள்ளிக்கிழமை உறையூரில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோனோம். மூன்றாவது மாடி. லிஃப்ட்டுக்கு இன்னும் மின் இணைப்பு வரவில்லை. அரசு புத்தகப் பெட்டிகளைத் தூக்கினான், பதினோரு முறை. சனிக்கிழமை காலையில் அவனால் எழ முடியவில்லை. தொடை இரண்டும் கல் மாதிரி இருந்தது. மாலையில் பாத்ரூமிலிருந்து, "அக்கா, கொஞ்சம் வா" என்றான். போய்ப் பார்த்தேன். உடனே ஆட்டோ பிடித்தேன்.

தசை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்திருக்கிறதாம். டாக்டர் கேட்டார்: "பாரம் தூக்கிப் பழக்கம் உண்டா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூக்கினார்?"

"அவனாகத்தான் தூக்கினான்" என்றேன்.

அரசு கண்ணை மூடியிருந்தான். தூங்கினான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறக்கும் நாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக முதல் நாளே விடுப்பு. இன்று மொத்தம் 190 மி.லி.

ஜூன் 3, செவ்வாய்

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிவிட்டது. டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் 'சிருநீரகப் பிரிவு' என்று எழுதியிருந்தது. ஜெசியிடம் பிழையைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "டென்ஷன்ல இருக்கும்போது இதையெல்லாம் பாக்குறீங்களே டீச்சர்" என்று சிரித்தாள். டென்ஷனில் இருப்பதால்தான் பார்க்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

இரண்டாவது டயாலிசிஸ் முடிந்தது.
மதியம் 3.30 – 210 மி.லி. நல்ல டீ நிறம்.
5.50 – 260 மி.லி. பால் குறைந்த டீ.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பொன்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

அரசு கேட்டான், "பாஸா அக்கா?"

"பாஸ்தான். முதல் வகுப்பு இன்னும் வரலை."

ஜூன் 8, ஞாயிறு

சித்தப்பா லால்குடியிலிருந்து வந்தார். அப்பாவின் தம்பி ராமலிங்கம். எழுபத்திரண்டு வயதிலும் ஆள் தேக்குக் கட்டை. சித்தியும் வந்தாள். குடிபோன அன்று பால் காய்ச்ச வந்திருந்தவர்கள் இவர்கள்தான்.

சித்தப்பா அரசுவைப் பார்த்தால் சொல்லும் ஜோக் ஒன்று உண்டு. முப்பது வருடமாக அதே ஜோக். "பேரு வெச்சது சரியாத்தான் இருக்கு. அரசு! அசையவே அசையாது." இன்றும் சொன்னார். கட்டிலில் கிடப்பவனிடம் சொல்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது. பிறகு சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார்.

அரசு சிரித்தான். எப்போதும் சிரிப்பான். அந்த ஜோக்குக்கு நானும் இத்தனை வருடம் சிரித்திருக்கிறேன். இன்று சுளையிலிருந்து விதை எடுக்கும் வேலை இருந்தது.

ஜூன் 11, புதன்

வீட்டுக்கு வந்தோம். லிஃப்ட் ஓடுகிறது. நேற்றுத்தான் இணைப்புக் கொடுத்தார்களாம். எனக்கு லிஃப்டை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

சிறுநீரகம் தேறிவிட்டது. ஆனால் தசை உடைவதைக் காட்டும் ஒரு அளவு இன்னும் முழுதாக இறங்கவில்லையாம். "இது ஒரு நாள் பாரம் தூக்கினதால மட்டும் வந்த மாதிரித் தெரியலை. தசை நோய் பாக்குற டாக்டரைப் பாத்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ரசம் சாதம், சுட்ட அப்பளம். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

ஜூன் 19, வியாழன்

டாக்டர் யாஸ்மின். என் பழைய மாணவி வயதுதான் இருக்கும். அரசுவை ஒரு மணி நேரம் பேச விட்டார். நான் குறுக்கே பேசப்போன இரண்டு முறையும், "மேடம், அவர் சொல்லட்டும்" என்றார்.

சின்ன வயதில் ஓடினால் என்ன ஆகும்?

"கால் இறுகிடும் டாக்டர். கல்லாயிடும். நின்னா சரியாகும்."

மாடிப்படி?

"முதல் மாடிக்கே நிப்பேன். யாராவது பாத்தா செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரிக் குனிஞ்சுக்குவேன்."

அவன் செருப்பு வாரைச் சரி செய்வதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நல்ல செருப்பு வாங்கத் தெரியாதவன் என்று நினைத்திருக்கிறேன்.

கையில் பந்தைக் கொடுத்து ஒரு நிமிடம் விடாமல் அழுத்தச் சொன்னார்கள். முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். நமக்கெல்லாம் ஏற வேண்டிய லாக்டிக் அமிலம் அவனுக்கு ஏறவே இல்லை. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க விலங்கியல் டீச்சர்தானே, உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்று ஆரம்பித்தார்.

"தசை செல்லுல கைச்செலவுக்கு ஏ.டி.பி. கொஞ்சம்தான் இருக்கும். சில வினாடியில தீர்ந்துடும். அதுக்கப்புறம் செல் தன்கிட்ட சேர்த்து வெச்சிருக்கிற கிளைக்கோஜனை உடைச்சு ஆற்றல் எடுக்கணும். உடைக்க ஒரு நொதி வேணும். உங்க தம்பி தசையில அந்த நொதி இல்லைன்னு நினைக்கிறேன். சேமிப்பு நிறைய இருக்கு மேடம், நம்மளைவிட அதிகமாவே இருக்கும். ஆனா அவரால அதுல ஒரு துளியைக்கூட எடுக்க முடியாது."

"அப்ப இவன் எப்படி நடக்கிறான்?"

"மெதுவா ஆரம்பிச்சு நடந்தா, எட்டுப் பத்து நிமிஷத்துல ஈரல்லேருந்து குளுக்கோஸும், உடம்புக் கொழுப்பும் ரத்தத்து வழியா தசைக்கு வந்து சேர ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் நல்லாவே நடக்கலாம். அந்த முதல் பத்து நிமிஷம்தான் கண்டம். அப்ப அவசரப்படுத்தினா, செல்லுக்குச் செலவுக்கு ஒண்ணும் இருக்காது. தசையே உடையும்."

மரபணுச் சோதனைக்கு ரத்தம் பெங்களூர் போகிறது. முடிவு வர ஐந்து வாரம். பிறவியிலேயே வந்தது, சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பத்தில் வர வாய்ப்பு அதிகம் என்றார். அம்மா அப்பாவுக்கு மூத்த அக்கா மகள். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

பதினோராம் வகுப்புப் பாடக் குறிப்பைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். 'தசைகளில் குளுக்கோஸ் ______ ஆகச் சேமிக்கப்படுகிறது. ஒரு மதிப்பெண்.' எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டிருப்பேன்.

இட்லிக்கு ஊறப் போட்டேன். உளுந்து பத்தவில்லை.

ஜூன் 23, திங்கள்

முதல் நடை. டாக்டர் சொன்னபடி, கிளம்பச் சற்று முன் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர். கூடவே இந்த நோட்டு. இனி யூரினுக்குப் பதிலாக நிமிடக் கணக்கு.

மாலை 5.20. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை.
3-ஆம் நிமிடம்: வலி ஆரம்பம்.
4-ஆம் நிமிடம்: நின்றான். குனிந்து செருப்பைத் தொட்டான். பிறகு என்னைப் பார்த்து நிமிர்ந்து, சும்மா நின்றான்.
6-ஆம் நிமிடம்: மீண்டும் நின்றான்.

நான் இயல்பாக நடந்தால் இருபது அடி முன்னால் போய்விடுகிறேன். திரும்பி வரவேண்டியிருக்கிறது. மெதுவாக நடப்பது இவ்வளவு கஷ்டமா!

ஏழாம் நிமிடத்தில் மழை வந்தது. திரும்பிவிட்டோம்.

ஜூன் 27, வெள்ளி

நடை, 12 நிமிடம். கத்தரிக்காய் வற்றல் காய வைத்தேன், பாதி காக்கைக்குப் போனது.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒன்பதாவது நிமிடம் வரைக்கும் வழக்கம்போலத்தான். இரண்டு முறை நின்றான். ஒரு பாட்டி எங்களைத் தாண்டிப் போனாள். கைக்குழந்தையோடு ஒருத்தி தாண்டிப் போனாள். பத்தாவது நிமிடம் அவன் மூச்சு மாறியது எனக்கே கேட்டது. தோள் இறங்கியது. "வந்துடுச்சுக்கா" என்றான். பஸ் வந்துவிட்டது என்று சொல்வது போலச் சாதாரணமாக.

அதற்குப் பிறகு முப்பது நிமிடம் நடந்தோம். நிற்கவே இல்லை. பழைய வீடு இருந்த முதலியார் சத்திரம் பற்றியும், அவன் அலுவலகத்தில் ஒருவர் வரைபடத்தில் கழிப்பறையை மறந்தது பற்றியும் பேசிக்கொண்டே வந்தான். என் தம்பியோடு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல நடந்தது நினைவு தெரிந்து இதுதான் முதல் முறை.

திரும்பும்போது கேட்டேன், "பத்து நிமிஷத்துல வலி போயிடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எட்டாங் கிளாஸ்லயே தெரியும். அதான் பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி கிளம்புவேன். யாரும் இல்லாத ரோட்டுல மெதுவாப் போகலாம்."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னேன். அப்பாகிட்ட. எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும்னார். சரி, எல்லாருக்கும் வலிக்குது போல, நமக்குத்தான் தாங்கத் தெரியலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

வழியில் வேர்க்கடலை வாங்கினோம். நன்றாக வறுத்திருந்தான்.

ஜூலை 9, புதன்

வகுப்பில் தசைப் பாடம் வந்தது. பெயர் சொல்லாமல், இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னேன். நொதி இல்லை, சேமிப்பு இருக்கிறது, எடுக்க முடியாது, பத்து நிமிடம் பொறுத்தால் வேறு வழியில் ஆற்றல் வரும். பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். இந்தப் பாடத்துக்கு அப்படி ஒரு அமைதி இதுவரை கிடைத்ததில்லை.

இரண்டாம் பெஞ்சு நிலோஃபர் எழுந்தாள். "மிஸ், அவங்க வீட்டுல யாருக்கும் இது தெரியலையா?"

"தெரியலை."

"வீட்டுல சயின்ஸ் படிச்சவங்க யாரும் இல்லையா மிஸ்?"

மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. படம் வரையச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

எனக்கும் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கலாமாம். டாக்டர் யாஸ்மின், "உங்களுக்கு அறிகுறியே இல்லையே, அவசியமில்லை" என்றார். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது.

நடை, 45 நிமிடம். ஒன்பதாம் நிமிடத்திலேயே வந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

முதல் பக்கத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'அரசு புத்தகப் பெட்டிகளைத் தூக்கினான்.' விடைத்தாளில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால், 'விடை முழுமையாக இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

முழு விடை இது. மே 30 மதியம். வேன்காரன் அவசரப்படுத்தினான். வேனோடு வந்த சுமைக்காரர்கள் சகாயமும் அவன் கூட்டாளியும் பீரோவையும் கட்டிலையும் ஏற்றி முடித்துக் களைத்திருந்தார்கள். சித்தப்பாவும் சித்தியும் நாற்காலியில் இருந்தார்கள். என் புத்தகப் பெட்டிகள் கீழே கிடந்தன. அரசு ஒரு பெட்டியை முதல் மாடி வரை தூக்கிவந்து படியில் வைத்துவிட்டுக் குனிந்து நின்றான். நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னேன்:

"ஆம்பளைன்னு ஒருத்தன் வீட்டுல இருந்து என்ன பிரயோஜனம்? தின்ன சோத்துக்கு ஒரு பெட்டி தூக்கத் துப்பில்லை."

சித்தப்பா சிரித்தார். அரசு பெட்டியை எடுத்தான். அதற்குப் பிறகு அவன் நிற்கவே இல்லை. கடைசிப் பெட்டியை வைக்கும்போது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் பார்த்தேன். 'ரோஷம் வந்தால்தான் வேலை நடக்கும்' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

எழுதிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

பெங்களூர் முடிவு வந்தது. டாக்டர் யாஸ்மின் சொன்னதேதான். அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த ஒரே பழுது. குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் தெரிந்து நடந்துகொண்டால் நீண்ட நாள் நன்றாக இருக்கலாம் என்றார். "சீரா நடந்துக்கிட்டே இருங்க. பாரம் தூக்காதீங்க. வேற யாருக்காகவும் அவசரப்படாதீங்க."

அரசு அந்தக் காகிதத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு முறை படித்தான். பிறகு மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். புது வேலைக்கு ஆர்டர் வந்தவன் மாதிரி இருந்தான்.

மாலை வாய்க்கால் கரையில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். அன்று நான் பேசியதை வார்த்தை மாறாமல் சொன்னேன். டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். "என்னை மன்னிச்சிடுடா" என்றேன்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ டாக்டர்கிட்ட சொல்லும்போது நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

"எனக்கும் அது தெரியும்னு நினைக்கிறேன்."

"நீ சொன்னதாலதான்க்கா தூக்கினேன். கோபத்துல தூக்கினேன். செத்தாலும் பரவாயில்லைன்னு தூக்கினேன். கால் கத்துச்சு. விடலை."

பிறகு அவனே சொன்னான், சண்டைக் குரலில் இல்லை, கணக்கு சரிபார்க்கிறவன் குரலில்:

"நாலு பேருக்கு முன்னாடி சொன்னே. மன்னிப்பு மட்டும் தனியா கேக்குறியே அக்கா."

ஜூலை 25, வெள்ளி

அவன் சொன்னது சரி.

ஜூலை 29, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. சித்தப்பா, சித்தியைச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லிவிட்டேன். வேன் கம்பெனியில் கேட்டுச் சகாயத்தின் எண்ணை வாங்கினேன். 

"எந்த வீடும்மா? ஏதாவது உடைஞ்சிருச்சா? நாங்க பத்திரமாத்தானே எறக்குனோம்?" என்று பதறினான்.

"ஒண்ணும் உடையலைப்பா. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல சாப்பிட வரணும்."

"எதுக்கும்மா?" என்றான். வந்தால் தெரியும் என்றேன். கூட்டாளி திருப்பூருக்குப் போய்விட்டானாம். நாலுக்கு மூன்று.

அரசுவிடம் காரணம் சொல்லவில்லை. நான் வாங்கி வந்த புளியை எட்டிப் பார்த்து, "யாருக்கு இவ்வளவு?" என்றான். "ஆத்துக்கு" என்றேன்.

ஆகஸ்டு 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

காலையில் காவிரியில் கால் வைக்க இடமில்லை. இரு கரையும் தொட்டுத் தண்ணீர். முளைப்பாரி விட்டவர்கள், மஞ்சள் கயிறு மாற்றியவர்கள். தலையில் தெளித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், வடகம். சகாயம் வெள்ளை வேட்டியில் வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். சித்தப்பா அவனை யார் என்று கண்களால் கேட்டார்.

இலை போட்டேன். பரிமாறினேன். எல்லோரும் கை வைக்கும் முன், "ஒரு நிமிஷம்" என்றேன். அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கடைசிப் பெஞ்சு வரை கேட்கும் குரல் எனக்கு. இன்று சித்தப்பாவுக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி ஆரம்பித்தேன்.

"வீடு மாறின அன்னிக்கு உங்க முன்னாடி அரசுவை நான் கேவலமாப் பேசினேன். தின்ன சோத்துக்கு ஒரு பெட்டி தூக்கத் துப்பில்லைன்னேன். அவன் உடம்புல பிறவியிலேயே ஒரு நொதி இல்லை. தசையில இருக்கிற சக்தியை அவனால எடுக்க முடியாது. நாம ஒரு மாடி ஏறுறதுக்கும் அவன் ஏறுறதுக்கும் சம்பந்தமே இல்லை. நாப்பத்து நாலு வருஷமா அவன் சோம்பேறின்னு பேர் வாங்கினான். அவன் ஒரு நாளும் சோம்பேறியா இருந்ததில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையால அவன் உயிர் போயிருக்கும். தப்பு என்னுது. நீங்க எல்லாரும் இருக்கும்போதே அவன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

சகாயம்தான் முதலில் பேசினான். "நான் அன்னிக்கே பாத்தேம்மா. சார் கை வெடவெடன்னு நடுங்குச்சு. பெட்டிய வாங்கப் போனேன். சார் குடுக்கலை. எங்க தொழில்ல நடுங்குற கையப் பாத்தாத் தெரியும், அது சோம்பலு இல்லைன்னு."

அரசு இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. "போதும்க்கா. உக்காரு. சாதம் ஆறுது" என்றான். பிறகு எனக்காக அவனே ஒரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தான்.

சாப்பிட ஆரம்பித்தோம். சித்தப்பா மட்டும் கை வைக்கவில்லை.

"திலகா, ஆஸ்பத்திரியில இவனுக்கு ஒண்ணுக்குக் கறுப்பாப் போச்சுன்னியே, அது இந்த நோவாலதானா?"

"ஆமா சித்தப்பா."

"ராஜாமணிக்கும் அப்படித்தான் போச்சு."

ராஜாமணி அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டாள். கூடத்தில் ஒரு போட்டோவாக மட்டும் தெரியும். வேலை செய்ய வணங்காதவள் என்று புகுந்த வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பிறகு காய்ச்சலில் போய்விட்டாள். எங்களுக்குச் சொன்ன கதை அதுதான்.

"காய்ச்சல் இல்லை" என்றார் சித்தப்பா. "ரெண்டு தடவை திரும்பி வந்தா. நெல்லுக் குத்த மாட்டேங்குறா, தண்ணி எடுத்தா பாதி வழியில குடத்தை எறக்கிடுறான்னு சொன்னாங்க. ரெண்டு தடவையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸை விட்டு எறங்கி மூணு மைல் நடக்கணும். பத்தடிக்கு ஒருக்கா நிப்பா. 'நடிக்காதே, நடடி'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். மூணாவது தடவை அவங்களே வண்டியில போட்டுக் கொண்டுவந்தாங்க. கறுப்புக் கறுப்பாப் போச்சு. நாலே நாள். இருபத்து மூணு வயசு."

சித்திக்கே இது தெரியாது போலிருக்கிறது. அவர் முதுகில் கை வைத்தாள். தேக்குக் கட்டை போன்ற மனிதர், இலைக்கு முன்னால் குலுங்கினார்.

அரசு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். புளிச்சாதத்தைக் கொஞ்சம் பிசைந்து அவர் இலையில் நடுவாக வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் சாப்பிட்டார்.

சகாயம் போகும்போது அவனுக்கு ஒரு டப்பா நிறையச் சாதம் கட்டிக் கொடுத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு அரசு சர்க்கரைத் தண்ணீர் குடித்தபோது சித்தப்பா, "நானும் வரட்டுமா?" என்றார். மூவரும் போனோம். நான் பின்னால் நடந்தேன்.

நாலாவது நிமிடத்தில் அரசு நின்றான். சித்தப்பாவும் நின்றார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"கெண்டைக்கால்ல யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கு."

"யாராவது கையைப் பிடிச்சு இழுத்தா?"

அரசு பொய் சொல்லவில்லை. "ரொம்ப வலிக்கும் சித்தப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "சும்மா நின்னிருந்தா?"

"போயிருக்கும். பத்து நிமிஷத்துல போயிருக்கும். ஆனா அது அத்தைக்கே தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கிளம்பும் வரை சித்தப்பா காத்திருந்தார். அவன் நின்ற மறு தடவையும் நின்றார். 'அரசு அசையாது' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஒன்பதாம் நிமிடம் தாண்டியதும் அரசு, "இப்பப் போலாம் சித்தப்பா" என்றான். இருவரும் வேகமாகப் போய்விட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். வாய்க்காலில் நுரையும் சாமந்தியும் மிதந்து வந்தன. வெகுநேரம் எதையும் யோசிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது.

ஆகஸ்டு 4, திங்கள்

அரசு இத்தனை நாள் ஷேர் ஆட்டோவில்தான் அலுவலகம் போவான். இன்று நடந்தே போகிறேன் என்றான். மூன்று கிலோமீட்டர் இருக்கும். அலுவலகம் ஒன்பதரைக்கு. எட்டு மணிக்கே கிளம்பிவிட்டான். சாப்பாட்டுப் பையை நான் வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றேன். சரி என்றான். முன்பெல்லாம் சரி என்று சொல்லியிருக்க மாட்டான்.

எனக்கு முதல் பீரியட் இல்லை. ஆசிரியர் அறை மேஜையில் திருத்த வேண்டிய நோட்டுகள் இருந்தன. ஒரு நோட்டையும் திறக்கவில்லை. எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது. அவன்தான்.

"என்னடா? எங்க இருக்கே? வலிக்குதா?"

"இல்லக்கா" என்றான். அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன். இன்னும் யாரும் வந்து திறக்கலை."